மேடையில் நடுங்கினால் என்ன செய்வது: மாத்திரையா, சாதகமா, கொலு வீடா?

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், வகுப்பு முடிந்த பிறகும் ஒரு மாணவி கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். வயது 23, ஐடி வேலை, என்னிடம் ஒன்பது வருஷமாகக் கர்நாடக சங்கீதம் கற்கிறாள். டிசம்பர் சீசனில் ஒரு சபாவில் மதியம் ஒரு மணி நேரக் கச்சேரி கிடைத்திருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அக்கா, ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு கொடுத்தா. பிரசன்டேஷன் அன்னைக்கு அவ போட்டுக்குவாளாம். நடுக்கமே வராதாம். நானும் போட்டுக்கட்டுமா?"

அட்டையில் பாதி தீர்ந்திருந்தது. ப்ராப்ரனலால், 10 மில்லிகிராம். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மேடை பயம் என்னவென்று எனக்குத் தெரியும். 19 வயதில், ஒரு மதியக் கச்சேரியில், இரண்டாவது உருப்படியின் (பாட்டின்) சரணத்தில், அதாவது கடைசிப் பகுதியில், முதல் சொல் எனக்கு வரவே இல்லை. முந்தின நாள் வரை நூறு தடவை பாடிய சரணம். வயலின் வாசித்த பெரியவர் அந்த வரியை மெதுவாக வாசித்துக் காட்டினார், பிடித்துக்கொண்டேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வந்த வாய்ப்பையெல்லாம் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிவிட்டேன். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் அவளிடம், "ஒரு வாரம் பொறு, என்னென்ன வழி இருக்குன்னு எல்லாத்தையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையும், 25 வருஷம் பிள்ளைகளை மேடையேற்றியதில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். முதல் கச்சேரிக்குத் தேதி குறித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இது உதவ வேண்டும்.

முதலில் போவது எது?

மேடை பயம் என்று ஒரே பெயர் வைத்துவிட்டோம், ஆனால் அது எல்லோருக்கும் ஒரே இடத்தில் அடிப்பதில்லை. சிலருக்கு உடம்பு: குரல் நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாளம் போடும் கை சில்லிட்டுவிடும். சிலருக்கு மூச்சு: ஒரே மூச்சில் பாட வேண்டிய வரி சொல்லுக்கு நடுவில் உடையும். சிலருக்கு ஞாபகம்: என்னைப் போல, சாகித்யம் (பாட்டின் வரிகள்) ஓடிவிடும். சிலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் 'முன்வரிசை மாமா தலையை ஆட்டுகிறாரே, சுருதி விலகிவிட்டதோ' என்ற எண்ணம் கச்சேரி முழுக்க உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கி வந்ததும் என்ன பாடினோம் என்றே நினைவிருக்காது.

பெரும்பாலும் எல்லாமே கலந்துதான் வரும். ஆனாலும் எது முதலில் போகிறது என்று கண்டுபிடிப்பது முக்கியம். எந்த வழி ஒத்துவரும் என்பது அதைப் பொறுத்தது. அவளிடம் கேட்டேன், போன முறை கோயிலில் பாடினாயே, முதலில் என்ன ஆயிற்று என்று. கொஞ்சம் யோசித்தாள். "வர்ணத்துலயே வேகம் ஏறிடுச்சு அக்கா. மிருதங்கம் மாமா பிடிச்சு நிறுத்தப் பார்த்தார், நான் இழுத்துட்டே போனேன். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம்தான் குரல் நடுங்குச்சு."

வர்ணம் என்பது கச்சேரியில் முதலில் பாடும் உருப்படி. இந்த வரிசை எனக்குப் பெரிய துப்பு. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நிமிடத்துக்கு 70, 80 என்று இருந்த இதயத் துடிப்பு 120-ஐத் தாண்டுகிறது. உள்ளே எல்லாம் ஓடும்போது சரியான காலப்பிரமாணம் (பாட்டின் வேகம்) நமக்கு மந்தமாகத் தெரியும், தள்ளிக்கொண்டு போவோம். தள்ளினால் மூச்சு எடுக்க வேண்டிய இடம் சுருங்கும். மூச்சு குறைந்தால் குரலுக்குப் பிடிப்பு இருக்காது. ஆக இவளுக்கு நடுக்கம் கடைசியாக வந்த விருந்தாளி. நடுக்கத்துக்கு மாத்திரை போட்டாலும் முதலில் நடந்த தப்பு அப்படியேதான் இருக்கும்.

அந்த மாத்திரை

ஆனாலும் மாத்திரையைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். 'ஐயோ, மருந்தா' என்று முகம் சுளிப்பதால் பிள்ளைகள் சொல்லாமல் போட்டுக்கொள்வதுதான் நடக்கிறது.

ப்ராப்ரனலால் 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து மருந்தியலாளர் இதய நோய்க்காக உருவாக்கியது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு. அட்ரினலின் போய்ப் பிடித்துக்கொள்ளும் இடங்களை இது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. அதனால் இதயம் வேகமெடுக்காது, கை நடுங்காது. நடுக்கத்தை அது எவ்வளவு நன்றாக நிறுத்தும் என்பதற்கு ஒரு சாட்சி விளையாட்டு உலகில் இருக்கிறது: துப்பாக்கி சுடும் போட்டியில் இந்த வகை மருந்துக்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங்-சு இரண்டு பதக்கங்களை இழந்தது ப்ராப்ரனலால் போட்டதற்காகத்தான்.

மேற்கத்திய இசைக்காரர்களிடம் இது பழைய விஷயம். 1977-ல் பிரிட்டனில் 24 தந்தி வாத்தியக்காரர்களுக்கு இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் 48 ஆர்கெஸ்ட்ராக்களைச் சேர்ந்த 2,212 கலைஞர்களிடம் எடுத்த கணக்கில் 27 சதவீதம் பேர் இந்த வகை மாத்திரையைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவர் சீட்டில்லாமல் போட்டவர்கள்.

ஆக, வேலை செய்கிறது. யாருக்கு வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வில் பிடிக்கும் கை நடுங்கினால் வயலினே நடுங்கும். ஆகவே வயலின்காரருக்கு இது நேரடி உதவி. அதிலும் ஒரு சங்கடம் உண்டு, இந்த மாத்திரை சிலருக்குக் கைவிரலைச் சில்லிட வைக்கும். பாடுகிறவர்களுக்கு இதன் பயன் இன்னும் குறைவு. பாடகர்களை வைத்து 1980-களில் நடந்த ஒரு பரிசோதனையில் சின்ன அளவு லேசாக உதவியது, அளவு கூடியபோது பாட்டில் உயிர் குறைந்தது. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ராகம் பாடும்போது மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கிறோமே, அங்கே உடம்பில் ஒரு விறுவிறுப்பு ஏறுகிறது. அதுவும் அதே அட்ரினலின்தான்.

இன்னொன்று, அது உடம்பைத்தான் பிடித்து நிறுத்துகிறது. சாகித்யம் மறந்துவிடுமோ என்ற பயத்தை நேராகத் தொடுவதில்லை. மனதில் ஓடும் எண்ணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதயம் அடித்துக்கொள்ளாததால் மனமும் கொஞ்சம் அடங்கும் என்பது உண்மை, ஆனால் அது எல்லோருக்கும் நடப்பதில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திக் கேட்டேன்: "சின்ன வயசுல உனக்கு வீசிங் இருந்துச்சா?"

"எட்டாவது வரைக்கும் இன்ஹேலர் வெச்சிருந்தேன் அக்கா. இப்ப மழைக்காலத்துல மட்டும் லேசா வரும்."

அட்டையை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ராப்ரனலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கச்சேரி நடப்பது டிசம்பரில், பனியும் ஈரமும் சேர்ந்த காலம். தோழி அன்போடுதான் கொடுத்தாள், ஆனால் அந்த ஒரு கேள்வியை அவள் கேட்கவில்லை. மருத்துவர் கேட்டிருப்பார். இதயத் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவர்கள், ரத்த அழுத்தம் தாழ்வாக உள்ளவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் எல்லோருமே இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும்.

சிலர் பதற்றத்துக்கென்று தரப்படும் தூக்கம் வரவழைக்கும் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார்கள். அதற்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: கூடாது. ஸ்வரக் கணக்கு ஒரு அட்சரம் தள்ளிப் போனாலும் எடுப்பு, அதாவது வரி தாளத்தில் தொடங்க வேண்டிய இடம், போய்விடும். மூளை மந்தமானால் கணக்கு நிற்காது.

இன்னும் கொஞ்சம் சாதகம் பண்ணு

சாதகம் என்றால் பாட்டுப் பயிற்சி. பெரியவர்களிடம் போனால் கிடைக்கும் முதல் அறிவுரை இது. எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். பாதி சரி.

பாடம் கெட்டியாக இல்லாமல் வரும் பயத்துக்கு, பாடம் கெட்டியாவதுதான் மருந்து. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் பாடுகிறவளுக்கு, அறைக்குள் பாடத்தான் பழக்கம் வருகிறது. நான் 19 வயதில் அப்படித்தான் இருந்தேன். எதிரில் சுவரைப் பார்த்தே பாடிவிட்டு, எதிரில் 60 முகங்கள் உட்கார்ந்தபோது அது எனக்கு முற்றிலும் புது இடமாக இருந்தது.

எப்படிச் சாதகம் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்கு உருப்படி ஒரு சங்கிலியாக மனதில் இருக்கிறது. பல்லவியிலிருந்து ஆரம்பித்தால் கடைசி வரை வரும், நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் என் வகுப்பில் சீசனுக்கு முன் இப்படிச் செய்ய வைக்கிறேன்: நான் ஏதாவது ஒரு வரியைச் சொல்வேன், அங்கிருந்து எடுக்க வேண்டும். சரணத்தின் மூன்றாவது வரி, அனுபல்லவியின் இரண்டாவது சங்கதி (ஒரே வரியை மாற்றிப் பாடும் விதம்), எதுவாக இருந்தாலும். அப்புறம் பாடாமல், சுருதி இல்லாமல், ஒரு வெள்ளைத் தாளில் சாகித்யத்தை எழுத வேண்டும். காதும் தொண்டையும் உதவாதபோது எவ்வளவு நினைவிருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். நன்றாகத் தெரியும் என்று நினைத்த உருப்படியில் இரண்டு மூன்று ஓட்டைகள் நிச்சயம் வெளிவரும்.

ஞாபகம் முதலில் போகிறவர்கள் இந்த வழியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அதோடு, மறந்தால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். வந்த வரியையே இன்னொரு சங்கதியாகத் திருப்பிப் பாடுவது, பல்லவிக்குத் திரும்பி விடுவது, வயலின் பக்கம் பார்ப்பது. நம் சங்கீதத்தில் ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது: பக்கத்தில் உட்கார்ந்து நம்மைப் பின்தொடர்ந்தே வாசிக்கும் ஒருவர். அவரை எதிரியைப் போலப் பார்த்து நடுங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கச்சேரிக்கு முன்பே போய், "மாமா, இந்தச் சரணத்துல எனக்குக் கொஞ்சம் பயம்" என்று சொல்லிவிடுங்கள். தயாராக இருப்பார்.

நோட்டு வைத்துக்கொள்ளலாமா, ஐபேட் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு சின்ன அட்டையில் ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லை மட்டும் எழுதி மடியருகே வைத்துக்கொள்ளுங்கள். முழு சாகித்யமும் கண்ணெதிரே இருந்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், பயம் குறையவும் குறையாது.

மூச்சும் ஒரு சொல்லும்

இவை இரண்டும் சின்ன உதவிகள். ஆனால் செலவில்லை, கெடுதல் இல்லை.

உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால், உதாரணமாக நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால், இதயத் துடிப்பு தணியும். நம் பாடத்திலேயே இது இருக்கிறது. தம்புராவைப் போட்டுக்கொண்டு மந்தர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி 'ப'வில்) நீளமாக ஒரு கார்வை நிற்கிறோமே, அது நீண்ட வெளிமூச்சுதான். மேடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் பிள்ளைகள் பதற்றத்தில் மத்திய காலக் கற்பனை ஸ்வரத்தை (அந்தந்த நேரத்தில் புனைந்து வேகமாகப் பாடும் ஸ்வரங்களை) மறுபடி மறுபடி பாடிக் குரலைத் தீர்த்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். அந்தப் பத்து நிமிடம் மந்தர ஸ்தாயியில் 'ஆ' என்று அகாரம் மட்டும் போதும்.

சொல் என்றது இது. ஹார்வர்டு பேராசிரியர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாடப்போகிறவர்களில் சிலரை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்றும் சிலரை 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் வாய்விட்டுச் சொல்ல வைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள் சுருதியிலும் தாளத்திலும் நன்றாகப் பாடினார்கள். இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கிறது, பெயர்தான் வேறு. 'பயப்படாதே, அமைதியா இரு' என்று பிள்ளையிடம் சொல்கிற அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடுகிற இதயத்தை அமைதியாக்குவது கஷ்டம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். ஆனால் இதை மட்டும் நம்பி மேடையேறச் சொல்ல மாட்டேன்.

கொலு வீடுகள்

நான் அவளுக்குச் சொன்ன வழி இது. நாலைந்து மாதம் கையில் இருக்கும் யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

பயத்துக்கு ஒரு குணம் உண்டு. ஏறும், உச்சிக்குப் போகும், அங்கேயே நாம் இருந்தால் தானாக இறங்கும். நடுவில் எழுந்து ஓடினால், 'ஓடியதால்தான் பிழைத்தேன்' என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஏறும். நான் வாய்ப்பைத் தள்ளிப்போட்ட இரண்டு வருஷமும் இதைத்தான் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தேன். இறங்கும் வரை அங்கேயே இருப்பது, அடிக்கடி இருப்பது, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய இடத்துக்குப் போவது: மனநல மருத்துவர்கள் எல்லா வகைப் பயத்துக்கும் செய்யும் சிகிச்சையின் அடிப்படை இதுதான்.

இதற்கு நவராத்திரியைப் போல் வசதியான ஏற்பாடு எங்கே கிடைக்கும்? ஒன்பது நாள். தினமும் இரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நாலைந்து பேர், சில சமயம் பத்துப் பேர். யாரும் விமர்சனம் எழுதப்போவதில்லை. "ஒரு பாட்டுப் பாடேன்மா" என்று அவர்களே கேட்கிறார்கள். அதுவும் சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வருகிறது.

ஆனால் வழக்கமாகக் கொலுவில் பாடுவது போலப் பாடினால் பயனில்லை. தலையைக் குனிந்துகொண்டு பல்லவியையும் அனுபல்லவியையும் முணுமுணுத்துவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பினால், அதுவும் ஓட்டம்தான். அவளுக்கு நான் போட்ட நிபந்தனைகள்: போனில் தம்புரா போட வேண்டும். சப்பணமிட்டு உட்கார வேண்டும். தாளம் போட வேண்டும். முழு உருப்படி, சரணம் வரை. பாடும்போது ஒருவர் முகத்தையாவது பார்க்க வேண்டும். ஆரம்பிக்கும் முன் பயம் பத்துக்கு எத்தனை, முடித்ததும் எத்தனை என்று வீட்டுக்கு வந்து எழுத வேண்டும்.

முதல் வீட்டில் எட்டு என்று எழுதியிருந்தாள், முடித்த பிறகும் ஏழு. நாலாவது வீட்டில் சமையலறையில் மிக்ஸி ஓடியது, ஒரு குழந்தை அழுதது, அனுபல்லவியோடு நிறுத்திவிட்டாள். அன்று இரவு போன் செய்து அழுதாள். மறுநாள் அதே வீட்டுக்குப் போய் அதே உருப்படியை முழுதாகப் பாடிவிட்டு வா என்றேன். கூச்சமாக இருக்கும் என்றாள், போனாள். அந்த வீட்டு மாமி ஒன்றுமே நடக்காதது போல, "வாம்மா, நேத்து பாதில போயிட்டியே, சரணம் கேக்கலாம்னு இருந்தேன்" என்றாராம். பதினோராவது வீட்டில் ஆரம்பிக்கும்போது ஐந்து, முடிக்கும்போது இரண்டு.

பூஜ்யம் வரவே இல்லை. வர வேண்டியதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய செல்லோ கலைஞர்களில் ஒருவரான பாப்லோ கசால்ஸ் வாழ்நாள் முழுக்க மேடைக்கு முன் நடுங்கியவர், 90 வயதுக்கு மேலும் மேடையேறியவர்.

நவராத்திரிக்கு அப்புறம் படி கொஞ்சம் உயர வேண்டும். அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் 20 பேர், தெரிந்த கோயிலில் அரை மணி நேரம். கடைசிப் படியாக வீட்டுக் கூடத்தில் முழுக் கச்சேரி: வயலின், மிருதங்கம், வாடகைக்கு ஒரு மைக், கட்டப்போகும் அதே பட்டுப் புடவை. மைக்கும் புடவையும் ஆடம்பரத்துக்காகச் சொல்லவில்லை. தன் குரல் தனக்கே ஸ்பீக்கரிலிருந்து வேறு மாதிரித் திரும்பி வருவதை முதல் தடவை மேடையில் கேட்டு ஆடிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். கனமான பட்டில் ஒரு மணி நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும், இடுப்பு இறுகும், மூச்சு மேலே நிற்கும். மைக்கில் சத்தம் வருகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், வியர்க்கும். இதெல்லாம் பயமென்று தோன்றும், பாதி வெறும் புழுக்கம். வீட்டிலேயே ஒரு முறை பார்த்துவிட்டால் மேடையில் அடையாளம் தெரியும்.

அந்த வீட்டுக் கச்சேரியை வீடியோ எடுத்தோம். முடிந்ததும் "குரல் முழுக்க நடுங்குச்சு, கேவலமா இருந்திருக்கும்" என்றாள். மறுநாள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். நடுங்கின இடத்தில் நிறுத்தச் சொன்னேன். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு இடம், அதுவும் ஒரு நிஷாதத்தில் லேசாக. அப்புறம் எங்கே என்று தேடினாள், கிடைக்கவில்லை. உள்ளே நமக்கு நடப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது என்று நினைப்பது மனதின் இயல்பு. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் இதைச் சோதித்தார்கள். 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்னதுமே பேசப்போனவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். மனதில் எண்ணம் ஓடுகிற வகைக்காரர்களுக்கு இந்த வீடியோ பார்க்கும் வேலை மற்ற எல்லாவற்றையும்விட உதவும்.

இந்த வழியின் குறை நேரம்தான். ஒரு வாரத்தில் முடியாது. அப்பா அம்மாவும் கூட அலைய வேண்டும், மாலை நேரங்கள் போகும். சென்னையில் இல்லாதவர்களுக்கும் கொலு வைக்கும் வீடுகள் பக்கத்தில் இல்லாதவர்களுக்கும் வேறு சின்ன சபைகளைத் தேட வேண்டியிருக்கும்: பஜனை மடம், முதியோர் இல்லம், பள்ளி ஆண்டு விழா. திருவையாறு ஆராதனை போல எல்லோரும் சேர்ந்து பாடும் இடங்களும் நல்ல தொடக்கம், ஆனால் கூட்டத்தில் குரல் மறைந்துவிடுவதால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

ஆலோசகரிடம் எப்போது போவது

பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. ஆனால் கச்சேரி என்ற பேச்சு எடுத்தாலே வாந்தி, பல நாள் தூக்கமின்மை, மேடை மட்டுமில்லாமல் வகுப்பில் கை தூக்கவும் கடையில் விலை கேட்கவும் பயம், திடீரென மார்பு அடைத்து உயிர் போவது போன்ற உணர்வு, இதில் எதையாவது பிள்ளையிடம் பார்த்தால் பாட்டு டீச்சரான என்னிடம் நிறுத்தாதீர்கள். எண்ணங்களையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற மனநல நிபுணர்கள் செய்கிறார்கள். நான் கொலு வீட்டில் குத்துமதிப்பாகச் செய்வதை அவர்கள் அளந்து செய்வார்கள். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

வர்ணத்தை விடாதீர்கள்

எந்த வழியை எடுத்தாலும் இது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடை பயம் ஆரம்பிக்கும் முன்னும் முதல் சில நிமிடங்களிலும்தான் உச்சத்தில் இருக்கிறது. இன்று நாம் பாடும் கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முதலில் வர்ணத்தை வைத்ததில் என்ன அருமை என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. வர்ணத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் ஏற்கெனவே கட்டி வைத்தது, சிறு வயதிலிருந்து ஆயிரம் தடவை பாடியது. மனம் பயத்தில் இருக்கும்போது தொண்டை தானாகப் பாடும். அது முடிவதற்குள் உச்சி தாண்டிவிடுகிறது. ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்று இப்போது பல பிள்ளைகள் வர்ணத்தை எடுத்துவிட்டு, நேராக ஒரு விறுவிறுப்பான கிருதி, அதற்குக் கற்பனை ஸ்வரம் என்று ஆரம்பிக்கிறார்கள். பயம் உச்சியில் இருக்கும் நேரத்தில் கணக்குப் போடச் சொல்வது போல அது.

வேகம் ஏறுகிறவளுக்காக இன்னொன்றும் செய்தோம். வர்ணத்தை அவளுக்குச் சுகமாக இருப்பதைவிட ஒரு இழை மெதுவாக எடுக்க வேண்டும். பயத்தில் அது தானாகச் சரியான காலப்பிரமாணத்துக்கு வந்துவிடும். மிருதங்கக்காரரிடமும் முன்பே சொல்லி வைத்தோம்.

பத்து நாள்தான் இருக்கிறது என்றால்

மார்கழி பிறந்த பிறகு பதறிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நாலு மாத வழியைப் பத்து நாளில் அடைக்க முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது: புது உருப்படி எதையும் சேர்க்காதீர்கள், பட்டியலில் பயமாக இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டுப் பழகினதை வையுங்கள். உங்களுக்கு முதலில் போவது எது என்று பார்த்து அதற்கு மட்டும் வேலை செய்யுங்கள். இரண்டு வீட்டுக் கச்சேரி, இரண்டையும் வீடியோ எடுத்துப் பாருங்கள். பக்கவாத்தியக்காரர்களிடம் பேசுங்கள்.

கை நடுக்கம்தான் முதல் பிரச்சினை, நீங்கள் வயலினோ வீணையோ வாசிப்பவர், ஆஸ்துமா இல்லை, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தார் என்றால், மாத்திரை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் தடவையை மேடைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டுக் கச்சேரி அன்று மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்து, உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று பாருங்கள். தலை சுற்றினாலோ விரல் சில்லிட்டாலோ வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அவள் கச்சேரி டிசம்பர் மூன்றாவது வாரம், மதியம் இரண்டரை மணிக்கு. எதிரில் 40 பேர் இருந்திருப்பார்கள். வர்ணத்தின் முக்தாயி ஸ்வரத்தில் (சரணத்துக்கு முன் வரும் ஸ்வரப் பகுதியில்) மூச்சு ஒரு இடத்தில் உடைந்தது, எனக்குக் கேட்டது. சரணத்துக்கு வரும்போது தோள் இறங்கிவிட்டது. முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆறு அக்கா. முடியறப்போ ரெண்டு" என்றாள்.